'ஜல்தா' என்றால் எங்கே என்று கேளுங்கள்

"அக்கா, சேலத்தில் 3 வருடம் அவசரப் பிரிவில் வேலை பார்த்தேன். அடுத்த மாதம் குவைத் வருகிறேன். ஸ்ட்ரோக்குக்கு அரபியில் என்ன சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

அகராதியில் 'சக்தா திமாகிய்யா' என்று இருக்கும். 'சக்தா' என்றால் பேச்சடங்கிப் போவது, 'திமாக்' மூளை. மருத்துவ அறிக்கையில் இதுதான் வரும். ஆனால் தகப்பனைத் தாங்கிக்கொண்டு ஓடிவரும் மகன் 'ஜல்தா' என்றுதான் கத்துவார். ரத்த உறைகட்டி என்று பொருள். எகிப்துக்காரர் வாயில் அது 'கல்தா' ஆகிவிடும். நம் காதுக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

மாரடைப்புக்கும் அதே ஜல்தாதான். வந்த புதிதில் ஒரு பெரியவரை ஜல்தா என்று கொண்டுவந்தார்கள். மூளைதான் என்று நானே முடிவுகட்டி, கைகளைத் தூக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் நன்றாகவே தூக்கினார். இறக்கியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் வந்து ஈசிஜி கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து 'ஃபில் கல்ப் வல்லா ஃபில் முஹ்?' (இதயத்திலா, மூளையிலா?) என்று கேட்காமல் நான் நகர்வதில்லை.

ஸ்ட்ரோக் என்றால் அடிதானே என்று 'தர்பா' போட்டுவிடாதீர்கள். 'தர்பத் ஷம்ஸ்' என்பது வெயில் தாக்கு. கோடையில் 50 டிகிரியைத் தொடும் ஊரில் அதைத்தான் முதலில் நினைப்பார்கள். ரத்தக்கசிவு 'நஸீஃப்', கை கால் விழுந்துபோனால் 'ஷலல்'.

இவற்றையெல்லாம் மறந்தாலும் 'மிதா ஆஹிர் மர்ரா கான் தபீஈ?' என்பதை மறக்காதீர்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். அது அந்தக் 'கடைசியாக'விலிருந்து ஓடத் தொடங்கிவிடும். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் என் பாட்டிக்கு வாய் கோணியபோது, வாதம் அடித்துவிட்டது என்று எண்ணெய் தேய்த்தார்கள். பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலம் போய்ச் சேர்ந்தால், டாக்டர் இதே கேள்வியைத்தான் கேட்டார். சித்தப்பா காலையில் என்றார். அத்தை, நேற்று ராத்திரியே பேச்சு குழறியது என்றார்.

இங்கேயும் பதில் அப்படித்தான் வரும். 'மின் அஸ்ஸுபுஹ்', காலையிலிருந்து என்பார்கள். உடனே எழுதிவிடாதீர்கள். தூங்கி எழுந்தபோதே அப்படித்தான் இருந்தாரா, இரவு எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.