துணையின் விசாவில் வந்தவர் வேலை பார்க்கலாமா?

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அமெரிக்காவின் எச்-4 பற்றியவை. அங்கே எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசா அது. சிங்கப்பூர், துபாயிலிருந்து ஒன்றிரண்டு. இவை பொதுவான பதில்கள்தான். எதிலாவது கையெழுத்துப் போடுமுன் உங்கள் காகிதங்களை ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் கல்யாணம். அப்புறம் கணவரோடு டல்லாஸ் போகிறேன். சென்னையில் ஐ.டி. துறையில் ஆறு வருட அனுபவம் இருக்கிறது. போனதும் வேலை தேடலாமா? (வாசகி, தாம்பரம்)

தேடலாம், சேர முடியாது. எச்-4 விசாவில் உங்கள் ஆறு வருட அனுபவத்துக்கு மதிப்பே இல்லை. பார்ப்பது கணவருடைய கோப்பைத்தான். 2015 மே 26 முதல் அமலில் இருக்கும் விதிப்படி, கணவருக்காக அவரது நிறுவனம் போட்ட ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது கிரீன் கார்டு நடைமுறை நிலுவையில் இருப்பதைக் காட்டி, எச்-1பிக்கு உள்ள ஆறு வருட வரம்பைத் தாண்டி அவர் நீட்டிப்பு வாங்கியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் ஐ-765 படிவம் போட்டு இஏடி என்ற வேலை அனுமதி அட்டை வாங்கலாம். அட்டை கைக்கு வந்த பிறகு எந்த வேலையும் பார்க்கலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். இந்த விதியை எதிர்த்துப் பத்து வருடம் நடந்த வழக்கை விசாரிக்க 2025 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டதால், விதி இப்போதைக்கு நிற்கிறது.

ஐ-140க்கு முன்னால் ‘பெர்ம்’ என்று தொழிலாளர் துறையின் சான்று ஒன்று உண்டு. இழுத்தடிப்பது பெரும்பாலும் அங்கேதான். மாப்பிள்ளையின் சம்பளம், வீடு, கார் எல்லாம் விசாரிக்கிற நம் வீட்டுப் பெரியவர்கள் ‘ஐ-140 ஆயிற்றா?’ என்று மட்டும் கேட்பதில்லை. நீங்களே இன்று கேட்டுவிடுங்கள். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றால், ராஜினாமாவுக்குப் பதில் சம்பளமில்லாத நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று பாருங்கள்.

ஒருவேளை அவர் எல்-1 விசாவில் (ஒரே நிறுவனத்துக்குள் இடமாற்றமாகி வருபவருக்கானது) இருந்தால் உங்களுக்கு யோகம். 2021 நவம்பரில் ஒரு வழக்கில் ஏற்பட்ட சமரசத்துக்குப் பிறகு, ஐ-94 என்ற நாட்டுக்குள் வந்த பதிவில், எல்-1காரரின் துணை என்பதற்கான ‘எல்-2எஸ்’ என்று இருந்தாலே போதும். தனி அட்டை வேண்டாம்.

கேள்வி: எச்-4ல் இருக்கிறேன், இஏடி இல்லை. கோவை நிறுவனத்துக்கே வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். சம்பளம் இந்திய வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. தப்பில்லையே? (வாசகி, எடிசன், நியூஜெர்சி)

‘தப்பில்லை’ என்று சொல்ல ஆள் தேடினால் வாட்ஸ்அப் குழுவில் நிறையப் பேர் கிடைப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையவழியில் வேலை பார்ப்பதற்கென்று தனியாக ஒரு விதி எழுதி வைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பணம் எங்கே விழுகிறது என்பதைவிட, நீங்கள் எங்கே உட்கார்ந்து உழைக்கிறீர்கள் என்பதைத்தான் அதிகாரி பார்ப்பார் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இன்னொரு சிக்கல் வருமான வரி. கணவரோடு சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்தால் உலகத்தில் எங்கே சம்பாதித்ததையும் காட்ட வேண்டும். காட்டினால் வேலை பார்த்ததை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. காட்டாவிட்டால் வரிக் குற்றம். பின்னால் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது கடந்த ஐந்து வருட வேலை விவரத்தைக் கேட்பார்கள். அன்றைக்கு என்ன எழுதுவீர்கள்? இப்போதே நிறுத்திவிட்டு, இதுவரை செய்ததைப் பற்றி வழக்கறிஞரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் செய்து தெரிந்தவர்களுக்கு விற்கலாமா? தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கலாமா? (வாசகி, கலிஃபோர்னியா)

விற்றால் அதுவும் வேலைதான், தெரிந்தவர்கள் என்றாலும். லாப நோக்கமில்லாத தமிழ்ப் பள்ளியில் மற்றவர்களைப் போலச் சம்பளமின்றிப் பாடம் எடுக்கலாம். வருடக் கடைசியில் நன்றி சொல்லி கிஃப்ட் கார்டு நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ‘அனுபவத்துக்காக ஆறு மாதம் இலவசமாக வேலை பாருங்கள்’ என்று ஒரு கம்பெனி கூப்பிட்டால் போகவே போகாதீர்கள். படிக்கத் தடையில்லை, எச்-4லேயே பட்டப்படிப்பு படிக்கலாம்.

கேள்வி: இஏடி புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டு, பழைய அட்டை முடிந்த பிறகும் வேலையைத் தொடரலாமா? தோழி அப்படித்தான் செய்தாள். (வாசகி, அட்லாண்டா)

தோழி செய்தபோது சரியாக இருந்திருக்கும். 540 நாள் வரை தானாக நீளும் சலுகை அப்போது இருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் போட்ட புதுப்பித்தல் விண்ணப்பங்களுக்கு அது கிடையாது. புது அட்டை வரும்வரை வீட்டில் இருக்க வேண்டியதுதான். முடிவதற்கு 180 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். மேலாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மனைவிக்கு சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி. நான் துணைக்கான டிபெண்டென்ட் பாஸில் வந்தேன். முன்பெல்லாம் ஒப்புதல் கடிதம் வாங்கி வேலை பார்த்தார்களாமே? (வாசகர், பொங்கோல்)

அந்தக் காலம் 2021 மே 1 அன்று முடிந்தது. இப்போது உங்களை எடுக்கும் நிறுவனம் உங்களுக்கே எம்ப்ளாய்மென்ட் பாஸோ எஸ் பாஸோ வொர்க் பர்மிட்டோ எடுக்க வேண்டும். அதற்கான சம்பளம், கோட்டா விதிகள் எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். தொழில் தொடங்கினால் மட்டும் கடிதத்துக்கு வழி உண்டு: நிறுவனத்தில் 30 சதவீதப் பங்காவது வைத்திருக்கும் இயக்குநராக இருந்து, சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி ஒருவருக்காவது வேலை கொடுத்து, குறைந்தது மூன்று மாதம் அவருக்கு சிபிஎஃப் (அங்குள்ள சேமநிதி) கட்டியிருக்க வேண்டும். கடிதத்துக்காக மட்டும் பேருக்கு ஒரு கம்பெனி திறக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: துபாயில் கணவரின் விசாவில் இருக்கிறேன். பள்ளியில் வேலை கிடைத்தால் விசா மாற்ற வேண்டுமா? (வாசகி, துபாய்)

வேண்டாம். குடியிருப்பு விசா கணவரின் பேரிலேயே இருக்கட்டும். வேலை அனுமதியைப் பள்ளி எடுக்கும். அது வருமுன் வகுப்புக்குள் கால் வைக்காதீர்கள்.

கேள்வி: கணவர் அடிக்கிறார். பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருக்கிறார். ‘நான் இல்லாவிட்டால் உனக்கு விசாவே இல்லை’ என்கிறார். கையில் பணமில்லை, எச்-4ல் வேலையும் பார்க்க முடியாது. (பெயர், ஊர் வேண்டாம்)

அவர் சொல்வதில் பாதி உண்மை. விவாகரத்து ஆனால் எச்-4 முடிந்துவிடும். மறுபாதியை அவர் சொல்ல மாட்டார்: கொடுமைக்கு ஆளான எச்-4 துணைவர் தானே வேலை அனுமதி கேட்க ஐ-765வி என்று தனிப் படிவம் இருக்கிறது. அவருடைய கையெழுத்து வேண்டாம், ஐ-140 வேண்டாம். விவாகரத்தான பிறகும் இரண்டு வருடத்துக்குள் கேட்கலாம். அந்த விவாகரத்துக்கும் கொடுமைக்கும் தொடர்பு இருக்க வேண்டும். அதனால் எதிலும் கையெழுத்துப் போடுமுன் வழக்கறிஞரைப் பாருங்கள். குடும்ப வன்முறைக்கான அமைப்புகள் வழியாக இலவசமாகவே கிடைப்பார்கள். பாஸ்போர்ட், விசா பக்கங்களின் படம் பழைய மின்னஞ்சலில் கிடந்தால் எடுத்து, அவருக்குத் தெரியாத கணக்கில் வையுங்கள். பாஸ்போர்ட் எண் தெரிந்தால் ஐ-94ஐ அரசு இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233 இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அவர் பார்க்கிற தொலைபேசியிலிருந்து கூப்பிட வேண்டாம். அடி விழும் நேரத்தில் 911.