ஜெர்மனியில் இசை முதுகலை: வயலின் வாசிக்கும் தம்பிக்கு

தம்பி, கர்நாடக வயலினில் பி.ஏ. முடித்திருப்பதாகவும், ஜெர்மனி அரசுப் பல்கலையில் ஃபீஸ் இல்லாமல் இசை முதுகலை படிக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

ஃபீஸ் கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். பெரும்பாலான மாநிலங்களில் செமஸ்டர் பங்களிப்புத் தொகையோடு சரி. ஷ்டுட்கார்ட், மன்ஹைம் எல்லாம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்திலோ நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில்) ஒரு வருடச் செலவு, இப்போதைய கணக்குக்கு 11,904 யூரோ, காட்ட வேண்டும். நம் ஊர்ப் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு இன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள்.

பணத்தைவிடப் பெரிய கேள்வி, எந்தப் படிப்புக்கு வருகிறீர்கள் என்பது. வாத்தியம் வாசிக்கும் முதுகலை 'மியூசிக்ஹோக்ஷூலே' என்ற இசைப் பல்கலைகளில். அங்கே மார்க் ஷீட்டைவிட நேரில் வாசித்துக் காட்டும் தேர்வுதான் எல்லாம். வயலின் என்றால் மேற்கத்திய இசைதான்: பாக்கின் தனி வயலின் படைப்பு ஒன்று, மோட்சார்ட் கான்செர்ட்டோ ஒன்று என்று எதிர்பார்ப்பார்கள். நான் விவரம் தெரியாமல் கல்யாணி வர்ணத்தோடு போய் நின்றேன். நின்றேன் என்பதுகூடத் தப்பு, துண்டை விரித்துத் தரையில் உட்கார்ந்தேன். மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்த ஐந்து பேரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். நாலு நிமிடத்தில் "டாங்கே" (நன்றி) என்று நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒரு அம்மா வெளியே வந்து, "நன்றாக வாசிக்கிறாய். ஆனால் இதில் உனக்கு நாங்கள் என்ன சொல்லித்தர முடியும்?" என்றார். அன்றைக்கு அழுதேன். அவர் கேட்டது நியாயம்.

அப்புறம்தான் இசையை ஆராய்ந்து படிக்கும் இசையியல் பக்கம் வந்தேன். உங்களுக்கும் அதுதான் சரிப்படும் என்று நினைக்கிறேன். வைமார் இசைப் பல்கலையில் பல பண்பாட்டு இசைகளை ஆராய யுனெஸ்கோ இருக்கையே உண்டு. அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள். இந்தப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். ராகத்தை விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிடும். ஊரிலிருந்தே ஜெர்மன் மொழித் தேர்வில் பி2 நிலை முடித்துவிட்டு வாருங்கள்.

வார இறுதியில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துச் சமாளிக்கலாமே என்று கேட்டீர்கள். இங்கே இருக்கும் ஈழத்துக் குடும்பங்களில் ஆர்வம் நிறைய. ஆனால் அது சுயதொழில் கணக்கு. மாணவர் விசாவில் இருப்பவர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் தொடக்கூடாது. கடையிலோ ஓட்டலிலோ சம்பளத்துக்குப் போவதற்கு வருடம் 140 முழு நாள் வரை தடை இல்லை.

வீட்டில் சாதகம் (வாசித்துப் பழகுவது) தனிக் கதை. 2018-இல் ஒரு டிரம்பெட்காரர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலை நாளில் இரண்டு மூன்று மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒன்றிரண்டு மணி நேரம் என்று தோராயமாக ஒரு அளவு சொன்னது. கீழ்வீட்டுப் பாட்டிக்கு அந்தத் தீர்ப்பெல்லாம் தெரியாது, துடைப்பக் கட்டையால் கூரையில் இடிப்பார். வரும்போது சத்தத்தைக் குறைக்க வயலின் பிரிட்ஜில் மாட்டும் ரப்பர் மியூட் ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.