எடை பார்த்தாயிற்று, இடுப்பை அளந்தீர்களா?

உயரம் 160 செ.மீ., எடை 64 கிலோ. ‘பி.எம்.ஐ. 25, அதிக எடை’ என்று அறிக்கையில் இருக்கிறது. போன வருடம் 63 கிலோ இருந்தபோது ‘இயல்பு’ என்றார்கள். ஒரு கிலோவில் என்ன ஆகிவிட்டது?

உங்கள் உடம்பில் ஒன்றும் ஆகிவிடவில்லை. பி.எம்.ஐ. (உடல் நிறை எண்) என்பது கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்து வரும் எண். 64-ஐ 1.6-ஆல் இரண்டு முறை வகுத்தால் 25 வருகிறது. 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25-லிருந்து அதிக எடை, 30-லிருந்து உடல் பருமன் என்று பிரித்திருப்பதால் பெயர் மட்டும் மாறிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கைத் தந்த பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே மருத்துவரே இல்லை, கணிதவியலாளர். ஒரு மக்கள் கூட்டத்தின் சராசரியை அறியத்தான் அவர் அதைப் போட்டார். அதனால் தனி ஒருவருக்கு இது முதல் தகவல் மட்டுமே. ஆனால் உங்கள் எடை வருடா வருடம் ஒவ்வொரு கிலோவாக ஏறிக்கொண்டே இருந்தால், அதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

என் பி.எம்.ஐ. 23.5. ஆனாலும் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறதாம். எடை சரியாக இருக்கும்போது எப்படி?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். எடை பார்க்கும் எந்திரத்துக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. அந்தக் கொழுப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பதும் தெரியாது. தொடையில் சேரும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. ஆசிய மக்களுக்குக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே இந்தச் சிக்கல் வருவதால், 23-லிருந்தே கவனம் தேவை என்று 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது.

ஒரு டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணி இல்லாமல், மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. பேன்ட் அளவைச் சொல்லாதீர்கள்! பலர் தொப்பைக்குக் கீழேதான் பேன்ட் போடுகிறார்கள். அந்த அளவு ஏமாற்றிவிடும். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கை எல்லை. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது இன்னும் எளிய கணக்கு. 170 செ.மீ. உயரமானவருக்கு 85.

என் கணவர் தினமும் எடை தூக்கிப் பயிற்சி செய்கிறார். அவர் பி.எம்.ஐ. 27. எடையைக் குறைக்க வேண்டுமா?

இடுப்பு அளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சரியாக இருந்தால் அந்த 27 தசையால் வந்ததாக இருக்கலாம். அவரையும் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

பத்து வயது மகனுக்கு பி.எம்.ஐ. 16 வருகிறது. ரொம்ப ஒல்லியா?

இல்லை. அந்த வயதுப் பையனுக்கு 16 இயல்பான அளவுதான். பெரியவர்களின் அட்டவணையைக் குழந்தைகளுக்குப் பார்க்கவே கூடாது. வயது, பாலினம் வாரியான வளர்ச்சி வரைபடம் தனியாக இருக்கிறது. ஒரு நாள் எண்ணைவிட, அவன் தன் கோட்டிலேயே வளர்ந்து வருகிறானா என்பதுதான் முக்கியம். தயவுசெய்து அவன் காதுபட ‘ஒல்லி’ என்று சொல்லாதீர்கள்.

எவ்வளவு குறைத்தால் பலன் தெரியும்?

இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்க வாய்ப்புண்டு. 90 கிலோ இருப்பவருக்கு முதலில் நாலரை கிலோ போதும். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்தக் கணக்கில் இறங்க வேண்டாம்.

அம்மாவுக்கு 72 வயது, உயரம் 155 செ.மீ. ஆறு மாதத்தில் 65 கிலோவிலிருந்து 58-க்கு வந்துவிட்டார். பி.எம்.ஐ. 27-லிருந்து 24 ஆகிவிட்டது. நல்லதுதானே?

அவர் முயற்சி செய்து குறைத்தாரா, தானாகக் குறைந்ததா? தானாக என்றால் இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். முயற்சி இல்லாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் 5 சதவீதம் குறைந்தாலே காரணம் தேட வேண்டும். உங்கள் அம்மாவுக்கு 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. தைராய்டு, சர்க்கரை, பல் வலி, மனச்சோர்வு, புற்றுநோய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போங்கள். பசி எப்படி இருக்கிறது, விழுங்கச் சிரமமா, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.