காபி, கால்சியம், பயோட்டின்: தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களின் கேள்விகள்

தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களிடமிருந்து வந்த கடிதங்களைச் சேர்த்துப் படித்தேன். பெரும்பாலும் ஒரே குழப்பம்தான். தைராய்டு மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறார்கள். ஆனால் அதோடு என்னென்ன சத்து மாத்திரைகள் உள்ளே போகின்றன என்று டாக்டரிடம் சொல்வதில்லை, டாக்டரும் பல நேரம் கேட்பதில்லை. நானும் கேட்காமல் விட்டிருக்கிறேன். அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளுக்கே முதல் இடம். கடிதங்களில் வரும் டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன். உடலில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும், அதிகமானால் இறங்கும்.

ஆறு வருடமாக 75 மைக்ரோகிராம் மாத்திரை எடுக்கிறேன். டி.எஸ்.எச். எப்போதும் 3-ஐத் தாண்டியதில்லை. இப்போது திடீரென்று 11. டாக்டர் 100 ஆகக் கூட்டச் சொல்கிறார். ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை. மூட்டு வலிக்காக நான்கு மாதமாகக் காலை டிபன் முடிந்ததும் கால்சியம் எடுக்கிறேன். அதனால் இருக்குமா? (வாசகி, 46, ஈரோடு)

என் முதல் சந்தேகமே அந்தக் கால்சியம்தான். நீங்கள் எடுக்கும் லெவோதைராக்சின் குடலில் கால்சியத்தைச் சந்தித்தால் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ரத்தத்துக்குள் போகாது, மலத்தோடு வெளியேறிவிடும். நீங்கள் விழுங்குவது 75, உடலுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. இரும்புச்சத்து மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். 'மல்டிவைட்டமின்' என்று கடையில் கொடுப்பதிலும் பெரும்பாலும் இரும்பும் கால்சியமும் இருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் திரவமும் இந்தப் பட்டியலில் உண்டு.

தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை என்றால், கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கோ இரவுச் சாப்பாட்டுக்கோ தள்ளிவிடுங்கள். இரும்பும் எடுப்பவர்கள் அதை மதியத்திலும் கால்சியத்தை இரவிலும் வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டும்கூடச் சேர்ந்து போகாமல் இருப்பது நல்லது.

இன்னொன்றையும் கவனமாகக் கேளுங்கள். கால்சியத்தின் நேரத்தை மாற்றிவிட்டு, அதே சமயத்தில் 100-க்கும் போய்விட்டால், சில வாரங்களில் மருந்து அதிகமாகிவிடலாம். படபடப்பு வரும், தூக்கம் கெடும், நாளடைவில் எலும்பு தேயும். எலும்புக்காகத்தானே கால்சியத்தை ஆரம்பித்தீர்கள்? எனவே டாக்டரிடம் கால்சியம் விஷயத்தைச் சொல்லி, பழைய 75-லேயே தொடர்ந்து, 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி டி.எஸ்.எச். பார்க்கலாமா என்று கேளுங்கள். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால் எந்த மாற்றமும் சோதனையில் முழுதாகத் தெரிய அத்தனை வாரம் தேவைப்படுகிறது. பத்து நாளில் பார்ப்பது பணத்துக்குத்தான் கேடு.

காலை எழுந்ததும் டிகாக்ஷன் காபி இல்லாமல் எனக்கு ஓடாது. மாத்திரையைக் காபியோடே போட்டுவிடுகிறேன். தப்பா டாக்டர்? (வாசகர், 58, கும்பகோணம்)

தப்புதான். காபியும் உறிஞ்சுதலைக் குறைக்கும், அதில் கலந்த பாலும் உதவாது. வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுவிட்டு, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விடியற்காலை ஒருமுறை எழும்போதே போட்டுவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. உங்கள் வயதில் இது சுலபமாகவே நடக்கும்.

அதுவும் சரிப்படவில்லை என்றால் இரவுக்கு மாற்றலாம். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். 9 மணிக்குச் சாப்பிட்டு 10 மணிக்குப் படுப்பவர்களுக்கு இது ஒத்துவராது. டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், மாற்றிய பிறகு தினமும் அதே நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முடி மிகவும் கொட்டுவதால் ஆன்லைனில் பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் வாங்கி இரண்டு மாதமாக எடுக்கிறேன். போன வாரச் சோதனையில் டி.எஸ்.எச். 0.1 என்று வந்தது. மருந்து அதிகம் என்று பாதியாகக் குறைத்துவிட்டார்கள். எனக்கோ படபடப்பு எதுவும் இல்லை, எப்போதும் போல அசதிதான். (வாசகி, 29, சென்னை)

உங்கள் உடம்பு ஒன்று சொல்கிறது, ரிப்போர்ட் வேறொன்று சொல்கிறது. இப்படி இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நான் முதலில் கேட்பது, 'முடிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்?' என்றுதான்.

பயோட்டின் உங்கள் தைராய்டைக் கெடுக்கவில்லை. மாத்திரை உறிஞ்சப்படுவதையும் தடுக்கவில்லை. அது ஏமாற்றுவது பரிசோதனையை. பல ஆய்வகங்களில் தைராய்டு ஹார்மோனை அளக்கும் முறையே, பயோட்டின் இன்னொரு புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும் குணத்தை நம்பித்தான் இருக்கிறது. உங்கள் ரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பி வழிந்தால் கணக்கு பிசகிவிடும். டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும், சுரப்பி தரும் டி4 என்ற ஹார்மோன் உள்ளதைவிட அதிகமாகவும் காட்டும். பார்ப்பவருக்கு மருந்து அதிகமாகிவிட்டது போலவே தெரியும். எல்லா இயந்திரங்களிலும் இது நடப்பதில்லை, ஆனால் உங்கள் ஆய்வகத்தில் எந்த இயந்திரம் என்று நீங்கள் கண்டுகொள்ள முடியாது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். நீங்கள் எடுப்பது அதைப்போல 300 மடங்குக்கும் மேல். சோதனைக்கு முன் குறைந்தது இரண்டு நாள் நிறுத்த வேண்டும். இவ்வளவு எடுப்பவர்களை நான் ஒரு வாரம் நிறுத்தச் சொல்வேன். இன்றே டாக்டரை அழைத்து இதைச் சொல்லுங்கள். பயோட்டினை நிறுத்தியபின் மறுபடி ரத்தம் கொடுங்கள், மருந்தின் அளவை அந்த ரிப்போர்ட்டை வைத்து அவர் முடிவு செய்யட்டும்.

அப்புறம் முடி. டி.எஸ்.எச். சரியான பிறகும் முடி பழைய நிலைக்கு வரப் பல மாதம் ஆகும். அதற்குள் பயோட்டினைத் தேடுவதைவிட ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்புச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமுள்ள பெண்களுக்கு முடி கொட்டுவதன் காரணம் பல நேரம் அங்கேதான் இருக்கிறது.

வைட்டமின் டி-யும் பி12-ம் குறைவாம். இவற்றைச் சரிசெய்தால் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். (வாசகி, 38, திருநெல்வேலி)

நிறுத்தாதீர்கள். நம் ஊரில் பெரியவர்களுக்கு வரும் தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912-ல் விவரித்த நோய் இது. அழிந்த சுரப்பித் திசுவை வைட்டமின் திரும்பக் கட்டாது. மாத்திரை தருவது சுரப்பி தர முடியாமல் போன ஹார்மோனையே.

ஆனால் குறைபாடு இருந்தால் அதற்கும் மருத்துவம் வேண்டும், அலட்சியம் கூடாது. முக்கியமாக பி12. அதே எதிர்ப்புச் சக்தி சிலருக்கு வயிற்றின் உட்சுவரையும் தாக்கி, பி12 உறிஞ்சப்படாமல் செய்துவிடும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாதத்தில் மரமரப்பு, மறதி, அசதி எல்லாவற்றையும் 'தைராய்டு' என்று ஒதுக்கிவிட்டால் நரம்பு பாழாகும். பி12 மாத்திரையும் வைட்டமின் டி-யும் தைராய்டு மாத்திரையோடு மோதாது, கால்சியத்தோடு சேர்ந்து வரும் வைட்டமின் டி மாத்திரைதான் மோதும். வாரம் ஒருமுறை எடுக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி-யை டாக்டர் சொன்ன வாரங்களோடு நிறுத்திவிடுங்கள். அதை வருடக்கணக்கில் தொடர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.

செலினியம், கடற்பாசி மாத்திரைகள் எடுக்கலாமா? (வாசகர், 41, கோவை)

கடற்பாசி வேண்டாம், அதில் அயோடின் இருக்கிறது. 1962-ல் முன்கழுத்துக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபின் நம் நாட்டு உப்பில் அயோடின் சேர்ந்துவிட்டது. அதற்கு மேல் போகும் அயோடின், ஏற்கெனவே நொந்த சுரப்பியை இன்னும் முடக்கலாம். செலினியம் சிலருக்கு, சுரப்பிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் அளவைக் குறைப்பதாக ஆய்வுகள் உண்டு, ஆனால் அதை நம்பி மாத்திரையின் அளவைக் குறைக்க முடியாது. அளவு மீறினால் செலினியமே முடியைக் கொட்டவைக்கும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர்?

வேகவைத்து, வழக்கமான அளவில் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இப்போதுதான் கர்ப்பம் உறுதியாகியிருக்கிறது, ஐந்து வாரம். தினமும் 50 மைக்ரோகிராம் எடுக்கிறேன். முதல் ஸ்கேன் போகும்போது கேட்டுக்கொள்ளலாமா? (வாசகி, 27, மதுரை)

இல்லை அம்மா, இன்றே கேளுங்கள். முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கான தைராய்டு ஹார்மோன் முழுக்க உங்களிடமிருந்துதான் போகிறது. குழந்தையின் சொந்தச் சுரப்பி சுமார் 12 வாரத்தில்தான் வேலையைத் தொடங்கும், முழு வேகம் பிடிக்க இன்னும் பல வாரம் ஆகும். உங்கள் தேவை இப்போதே ஏறத் தொடங்கியிருக்கும். அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல், ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் கர்ப்பம் என்று தெரிந்த உடனே வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூட்டிக்கொள்ளச் சொல்கிறது, அதாவது 7-க்குப் பதில் 9. உங்கள் டாக்டரிடம் போனிலாவது இதைப் பேசிவிடுங்கள். பாதி கர்ப்பகாலம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.

இனி இரும்பும் கால்சியமும் தருவார்கள். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஈரோடு வாசகிக்குச் சொன்ன நான்கு மணி நேரக் கணக்கு உங்களுக்கும் அப்படியே பொருந்தும். காலையில் வாந்தி அதிகமென்றால் மாத்திரையை இரவுக்கு மாற்றுவது பற்றியும் கேளுங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் இந்த மாத்திரையைத் தொடரலாம்.

அம்மாவுக்கு 74 வயது. டி.எஸ்.எச். 6.2, டி4 சரியாக இருக்கிறது. மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமா? (வாசகர், 49, புதுச்சேரி)

பெரும்பாலும் வேண்டியதில்லை. வயதாக ஆக டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறுவது இயல்பு. 65 வயதைத் தாண்டிய 737 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், இந்த மாதிரி லேசான குறைவுக்கு மாத்திரை கொடுத்தும் அசதியோ மற்றத் தொந்தரவுகளோ குறையவில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். 10-ஐத் தாண்டினால் பேச்சு வேறு. அப்போதும் இதய நோய் இருந்தால் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் என்று மெதுவாகத்தான் தொடங்குவார்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால்? (பலர் கேட்டது)

அன்றைக்கே நினைவு வந்தால், வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் தெரிகிறதென்றால் பயப்பட ஒன்றுமில்லை, வழக்கமான மாத்திரையோடு தொடருங்கள். மருந்து பல நாள் ரத்தத்தில் நிற்பதால் ஒரு நாள் விட்டது உடனே தெரியாது. அடிக்கடி மறக்கிறதென்றால் வாரநாள் பெயர் போட்ட மாத்திரைப் பெட்டி வாங்கி, அந்த வாரத்துக்கு மட்டும் எடுத்து வையுங்கள். மீதி அதன் குப்பியிலேயே மூடி இறுக்கி, அடுப்படி வெப்பம் படாத இடத்தில் இருக்கட்டும். சூடும் ஈரமும் இந்த மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும்.