ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் முடியும் தேதியைச் சரியாகச் சொல்லி யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள். வண்டி நம்பரை வைத்து என் செல் நம்பரை எடுத்தார்களா?

அரசுத் தளத்திலிருந்து நேரடியாக எடுத்திருக்க முடியாது. வாகனப் பதிவு விவரங்களுக்கான மத்திய அரசுத் தளமான பரிவாஹனில் வண்டி நம்பரைப் போட்டால் உரிமையாளர் பெயரே நடுவில் நட்சத்திரக் குறிகளோடுதான் வரும். செல் நம்பரும் வீட்டு முகவரியும் பொதுமக்களுக்குக் காட்டாது.

ஆனால் உங்கள் ஸ்கூட்டரின் இன்சூரன்ஸ் முடியும் தேதியைச் சரியாகச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்கிறீர்களே, அந்தத் தேதி அங்கேயே வெளிப்படையாகக் கிடக்கிறது. செல் நம்பர் பெரும்பாலும் ஷோரூமிலோ இன்சூரன்ஸ் ஏஜென்ட் வழியாகவோ போயிருக்கும், இல்லையென்றால் எப்போதாவது பிரீமியம் எவ்வளவு என்று பார்க்க ஏதோ ஒரு தளத்தில் நீங்களே கொடுத்திருப்பீர்கள். 2019-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வாகனத் தரவை மொத்தமாக நிறுவனங்களுக்கு விற்கக் கொள்கை கொண்டுவந்தது, தனியுரிமைக் கவலையால் 2020 ஜூனில் கைவிட்டது. மக்கள் கட்டாயத்தின் பேரில் கொடுத்த விவரத்தை விலைக்கு விட்டதே தவறு என்பேன்.

ஒன்று செய்யுங்கள்: பரிவாஹனில் உங்கள் வண்டி நம்பரை நீங்களே தேடிப் பாருங்கள். கூப்பிட்டவர் சொன்னதில் எது அங்கே இல்லையோ, அது வேறு இடத்திலிருந்து கசிந்தது. அப்புறம் அடுத்த முறை கூப்பிட்டால் எந்த நிறுவனம், என்ன பெயர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, உங்கள் வண்டி நம்பரோடு 'சலான்' (போக்குவரத்து அபராதச் சீட்டு) என்று வாட்ஸப்பில் ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு, வந்தால் தொடவே வேண்டாம். நம்பர் சரியாக இருப்பதால் நம்பி நிறுவிப் பணத்தை இழந்தவர்கள் நிறைய. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.