280 பவுண்டு ‘கிருமி கிட்’ வேண்டாம். எண்ணெயும் சோப்பும் கொண்டைக்கடலையும் போதும்

கேள்வி: லண்டன் ஹாரோவில் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். நவம்பர் 18 ஐரோப்பிய ஆண்டிபயாடிக் விழிப்புணர்வு நாள் வருவதால், 9–10 வயதுப் பிள்ளைகள் 30 பேருக்குக் கிருமி, கை கழுவுதல், ஆண்டிபயாடிக் பற்றி ஒரு மணி நேரம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நிறுவனம் 280 பவுண்டுக்குக் கிட் தருகிறதாம். அதில் யுவி (புற ஊதா) விளக்கு, அகார் தட்டுகள் (கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றியவை), கிருமி அளக்கும் கருவி எல்லாம் இருக்கிறது. பிள்ளைகளின் கையைத் தட்டில் பதித்து, கிருமியை வளர்த்தே காட்டலாம் என்கிறார்கள். வாங்கச் சொல்லலாமா? ஆண்டிபயாடிக் பற்றி இந்த வயதுக்கு எவ்வளவு சொல்வது?

பதில்: வாங்கச் சொல்லாதீர்கள். இந்தப் பாடத்துக்காகவே ஐரோப்பிய ஆணையத்தின் பணத்தில் ‘இ-பக்’ என்று ஒரு திட்டம் உருவானது. 18 நாடுகள் சேர்ந்து தயாரித்து 2009-இல் வெளியிட்டன. முன்னின்று நடத்தியது இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறைதான். இன்று பிரிட்டன் சுகாதாரப் பாதுகாப்பு முகமையின் கையில் இருக்கிறது. பாடக் குறிப்பு, செயல்தாள், விளக்கப் படங்கள் எல்லாமே இலவசம். மக்கள் வரிப்பணத்தில் பள்ளிகளுக்காக ஏற்கெனவே செய்து வைத்ததை வண்ணப் பெட்டியில் போட்டு அதே பள்ளிக்கு விற்கிறார்கள். பள்ளிகளும் வாங்குகின்றன. தலைமையாசிரியர் மேசையில் விளம்பரத்தாள் வந்து விழுகிறது, இலவசப் பாடம் வந்து விழுவதில்லை. அவ்வளவுதான் காரணம்.

கிட்டில் இருக்கும் ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

முதலில் அகார் தட்டு. தொடக்கப் பள்ளியில் இது கூடவே கூடாது. ஒரு பிள்ளையின் விரலில் ஒட்டியிருக்கும் நாலைந்து பாக்டீரியா ஒன்றும் செய்யாது. அதையே அகாரில் இரண்டு நாள் வைத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் கோடிக்கணக்கில் பெருகி நிற்கும். விரலில் சீழ் வைக்கும் வகையும் அதில் இருக்கலாம். உயர்நிலைப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர் செய்வார். அங்கும் 37 டிகிரியில் வைக்க மாட்டார்கள், ஏனென்றால் அது நம் உடம்பின் வெப்பம், நமக்கு நோய் தருபவை செழிக்கும் வெப்பம். 25 டிகிரி அளவில் வைப்பார்கள். காற்றில்லாமல் வாழும் கிருமிகள் தலையெடுக்காதிருக்க, மூடியைச் சுற்றி முழுக்க ஒட்டாமல் துண்டு துண்டாக டேப் போடுவார்கள். வளர்ந்தபின் திறக்கவே மாட்டார்கள். கடைசியில் அழுத்த நீராவிக் கருவியில் 121 டிகிரி வெப்பத்தில் 15 நிமிடம் வைத்துக் கொன்றபின்தான் குப்பைக்குப் போகும். உங்கள் பள்ளியில் அந்தக் கருவி இருக்கிறதா? கிட் விற்பவர் பயன்படுத்திய தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

ஆபத்தை விடுங்கள், பாடமே தலைகீழாகப் போகும். சோப்புப் போட்டுக் கழுவிய கையின் தட்டில் சில நேரம் கழுவாத கையைவிட அதிகமாக வளரும். தோலின் ஆழத்தில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் தேய்க்கும்போது இளகி மேலே வருவதுதான் காரணம். அவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் 30 பிள்ளைகள் ‘கழுவினால் கிருமி கூடும்’ என்று முடிவெடுத்து வீட்டுக்குப் போவார்கள்.

அடுத்து ‘கிருமி அளக்கும் கருவி’. பஞ்சால் மேசையைத் துடைத்துக் கருவியில் வைத்தால் ஓர் எண் வரும். அது உயிருள்ள எதிலும், உணவின் மிச்சத்திலும்கூட இருக்கும் ஒரு வேதிப்பொருளை அளக்கிறது. கிருமியை எண்ணுவதே இல்லை. சாண்ட்விச் துணுக்கு ஒட்டிய மேசை ஆயிரக்கணக்கில் காட்டும். வைரஸ் மட்டும் படிந்த மேசை ‘சுத்தம்’ என்று காட்டும். உணவகச் சமையலறையில் துடைத்தார்களா என்று சோதிக்க நல்ல கருவி. வகுப்பில் பயம் காட்டத்தான் பயன்படும், பயம் காட்டினால் அடுத்து ‘கிருமிநாசினி’ சோப்பு விற்கலாம். சோப்புக் கம்பெனிக்காரர்கள் மாதிரிப் பாக்கெட்டோடு வந்து பாடம் நடத்தித் தருகிறோம் என்றாலும் ஏமாறாதீர்கள். சாதா சோப்பைவிட மேலானது என்று நிரூபிக்க முடியாததால் அமெரிக்க மருந்துத் துறை 2016-இல் 19 வேதிப்பொருட்களைக் கை கழுவும் சோப்புகளிலிருந்து விலக்கியது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியமும் அவற்றில் ஒன்றான ட்ரைக்ளோசானுக்கு, கைச் சுகாதாரப் பொருட்களில் பயன்படுத்தும் அனுமதியை மறுத்தது.

யுவி விளக்கும், அதன் வெளிச்சத்தில் ஒளிரும் ஜெல்லும் மட்டும் உருப்படி: ஜெல்லைக் கையில் தடவிக் கழுவினால், சரியாகக் கழுவாத இடம் ஒளிரும். சின்ன டார்ச் தனியாகவே சில பவுண்டுக்குக் கிடைக்கும். ஆனால் அறை நன்றாக இருட்டாக வேண்டும். சலவைத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருளும் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். பிள்ளைகள் போட்டிருப்பது வெள்ளைச் சட்டை. விளக்கை ஏற்றியதும் ‘மேலெல்லாம் கிருமி’ என்று ஒரே கூச்சல்தான். ஒளிர்வது ஜெல், கிருமி அல்ல என்று முதலிலேயே இரண்டு முறை சொல்லிவிடுங்கள்.

அது இல்லாமலே இப்படிச் செய்யலாம். மூன்று பிள்ளைகளை முன்னால் அழையுங்கள். எக்ஸிமா (தோல் அரிப்பு நோய்) உள்ளவர்கள் வேண்டாம். ஒவ்வொருவர் கையிலும் அரை டீஸ்பூன் சூரியகாந்தி எண்ணெய் தடவி, ஒரு சிட்டிகை லவங்கப்பட்டைத் தூள் தூவித் தேய்க்கச் சொல்லுங்கள். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் கூடாது, எள்ளும் நிலக்கடலையும் பிரிட்டனின் 14 ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் இருக்கின்றன. மஞ்சள்தூளும் வேண்டாம். அதன் கறை சோப்புக்கும் போகாது, பாடமே பொய்த்துவிடும். மினுக்குத் தூளைத் தொடாதீர்கள், கண்ணில் போகும். ஒருவர் டிஷ்யூவால் துடைக்கட்டும், ஒருவர் தண்ணீரில் மட்டும் 20 விநாடி, மூன்றாமவர் சோப்பும் தண்ணீருமாக அதே 20 விநாடி. பல செயல்தாள்களில் தண்ணீருக்கு 3 விநாடி, சோப்புக்கு 20 என்று போட்டிருக்கும். அப்படிச் செய்தால் வேலை செய்தது சோப்பா நேரமா என்று கூர்மையான பிள்ளை ஒன்று கேட்கும், உங்களிடம் பதில் இருக்காது. கழுவியபின் மூவரும் வெள்ளை டிஷ்யூவில் கையை ஒற்றட்டும். கட்டைவிரல், நக இடுக்கு, விரல்களுக்கு நடுவே என்று தூள் எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கேதான் எல்லோரும் சரியாகக் கழுவுவதில்லை.

முந்தின நாள் மாலையே பிள்ளைகளின் கழிவறையில் சோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். சோப்புப் பெட்டி காலியாகக் கிடக்கும் பள்ளியில், கை கழுவும் பாட்டைச் சுவரில் ஒட்டி வைத்து, ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தில் மூன்று கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். படிவத்துக்கு ஆள் இருக்கிறது, சோப்பு ஊற்ற ஆள் இல்லை.

இணையத்தில் பிரபலமான பிரெட் சோதனை தெரிந்திருக்கும்: அழுக்குக் கை பட்ட துண்டில் பூஞ்சை, கழுவிய கை பட்டதில் இல்லை. செய்யாதீர்கள். பிரெட்டில் வளர்வது பெரும்பாலும் காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்து, கையிலிருக்கும் பாக்டீரியா அல்ல. எந்தத் துண்டில் முதலில் வரும் என்பது குருட்டாம்போக்கு. சூப்பர்மார்க்கெட் பிரெட்டில் பூஞ்சைத் தடுப்பான் இருந்தால் பத்து நாளானாலும் ஒன்றும் வராது.

இனி சானிடைசர். ‘சோப்புக்குப் பதில் ஜெல் போதாதா, மிஸ்’ என்று கட்டாயம் கேட்பார்கள். இதில் மட்டும் கொஞ்சம் நின்று நிதானமாக விளக்குங்கள், நவம்பரில் பள்ளிகளைக் காலி செய்யும் வாந்தி நோய் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஜெல் பெரும்பாலான பாக்டீரியாக்களையும், ஃப்ளூ, கொரோனா வைரஸ்களையும் கொல்லும். அந்த வைரஸ்களுக்கு மேலே கொழுப்பாலான ஒரு சட்டை உண்டு. ஆல்கஹால் அந்தச் சட்டையைக் கிழித்துவிடுகிறது, வைரஸ் செத்தது. அந்த வாந்தி நோயைத் தரும் நோரோ வைரஸ் சட்டையே போடாத வைரஸ். கிழிக்க ஒன்றுமில்லாததால் ஜெல் அதை அசைப்பது கஷ்டம். சோப்பும் அதைக் கொல்வதில்லை, ஆனால் தோலிலிருந்து இளக்குகிறது. ஓடும் தண்ணீர் சாக்கடைக்குக் கொண்டுபோகிறது. நகத்தடியில் ஒட்டும் கீரிப்பூச்சி முட்டையும் அப்படித்தான், ஜெல்லுக்கு மசியாது. மண்ணோ எண்ணெயோ படிந்த கையிலும் ஜெல் அடியில் இறங்காது. ஆகவே கழிவறைக்குப் போய் வந்தபின், சாப்பிடுமுன், யாராவது வாந்தியெடுத்தபின் சோப்புதான். பேருந்தில், தண்ணீர் இல்லாத இடத்தில் ஜெல். வாந்தி, பேதி கண்ட பிள்ளை கடைசியாக வாந்தியோ பேதியோ ஆகி 48 மணி நேரம் ஆனபிறகே பள்ளிக்கு வர வேண்டும் என்ற விதியும் இதற்காகத்தான். இதைப் பெற்றோருக்கு எழுதும் தாளில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

தும்மலுக்குப் பத்து நிமிடம் போதும். புதிதாக வாங்கிய தெளிப்புப் புட்டியில் உணவுச் சாயம் கலந்த தண்ணீர், தரையில் மூன்று மீட்டர் வெள்ளைத் தாள். ஒரு முறை சும்மா, ஒரு முறை கையை வைத்து, ஒரு முறை டிஷ்யூ வைத்துப் பீய்ச்சுங்கள். துளி எவ்வளவு தூரம் போனது, கையில் எவ்வளவு ஒட்டியது என்று அவர்களே அளக்கட்டும். கிளீனர் இருந்த பழைய புட்டியைக் கழுவி எடுத்து வராதீர்கள்.

ஆண்டிபயாடிக்குக்கு வருவோம். இங்கிலாந்தின் சுகாதாரக் கல்வி வழிகாட்டுதலில் தொடக்கப் பள்ளிக்குக் கிருமியும் கை கழுவுதலும் உண்டு, ‘ஆண்டிபயாடிக்’ என்ற சொல் உயர்நிலைப் பள்ளிக்குத்தான் வருகிறது. பிள்ளை அதற்குள் அந்த மருந்தைக் குடித்தே முடித்திருக்கலாம். ஆண்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது என்பது ஐரோப்பியப் பெரியவர்களிலேயே சுமார் பாதிப் பேருக்குத்தான் தெரியும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 கருத்துக்கணிப்பு சொல்கிறது. பாடத்திட்டம் தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்று செய்தி சொன்னால் போதும். ஒன்று, சாதாரணச் சளிக்கும் ஃப்ளூவுக்கும் ஆண்டிபயாடிக் வேலை செய்யாது, அவை வைரஸ், ஆண்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை. இரண்டு, டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள். மிச்சம் வைக்கக் கூடாது, அடுத்தவருக்குக் கொடுக்கவும் கூடாது. ‘முழுக் கோர்ஸ்’ எத்தனை நாள் என்பதில் மருத்துவர்களிடையே விவாதம் நடக்கிறது, அது வகுப்புக்கு வேண்டாம். மூன்றாவதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். ‘உடம்பு மருந்துக்குப் பழகிப்போகும்’ என்று நம் வீடுகளில் சொல்வோமே, அது தவறு. உடம்பு பழகுவதில்லை, மாறுவது பாக்டீரியா.

அதைக் கொண்டைக்கடலையால் காட்டலாம். ஐந்து பேர் கொண்ட ஆறு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் வெள்ளைக் கொண்டைக்கடலை 18, கறுப்புக் கொண்டைக்கடலை 20, ஒரு கிண்ணம். ராஜ்மா வேண்டாம், பச்சையாக யாராவது மென்றுவிட்டால் வயிற்றைக் கலக்கும். கிண்ணத்தில் 18 வெள்ளையும் 2 கறுப்பும் போடுங்கள். கறுப்பு, மருந்துக்குச் சாகாத பாக்டீரியா. மருந்து கொடுத்தால் 10 வெள்ளையை எடுத்துவிட வேண்டும், கறுப்பைத் தொடக் கூடாது. மிஞ்சியவை ஒன்று இரண்டாகப் பெருகும். முதல் சுற்றில் 8 வெள்ளை, 2 கறுப்பு மிஞ்சி 16-க்கு 4 ஆகும். இரண்டாவதில் 12-க்கு 8. மூன்றாவதில் 4-க்கு 16. நான்காவதில் இருக்கும் 4 வெள்ளையும் போய்விடும்; 16 கறுப்பு இரண்டு மடங்கானாலும் கிண்ணத்தில் 20-க்குத்தான் இடம், அந்த 20-ம் கறுப்பு. இனி அந்த மருந்தைக் கொடுத்து என்ன பயன் என்று அவர்களையே கேளுங்கள். கறுப்பை மருந்து உண்டாக்கவில்லை, அது முதலிலேயே இருந்தது, மருந்து அதற்கு இடம் காலி செய்து கொடுத்தது என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். நிஜ உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து போராடுவதால், மருந்து குடித்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு பிள்ளை இரவு மருந்து குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

உங்கள் வகுப்பில் நம் பிள்ளைகள் இருந்தால் ஒரு கை கட்டாயம் உயரும்: ‘எங்க வீட்டு டிராயர்ல அமாக்ஸிசிலின் இருக்கு, பாட்டி ஊர்லேர்ந்து கொண்டுவந்தாங்க.’ அதுவும் ஆண்டிபயாடிக்தான், ஆனாலும் அந்தப் பிள்ளை முன்னால் வீட்டைக் குறை சொல்லாதீர்கள். மருந்துக் கடையில் கொடுத்தால் காசு வாங்காமல் எடுத்துக்கொள்வார்கள், குப்பையிலோ கழிவறையிலோ போட வேண்டாம் என்று சொல்லுங்கள். பெற்றோருக்கான தாளில் 48 மணி நேர விதிக்குக் கீழே இந்த வரியையும் தமிழில், குஜராத்தியில், வீட்டில் எந்த மொழி பேசுகிறார்களோ அதில் எழுதி அனுப்புங்கள்.