கேசட்டில் வளர்ந்த மெட்டாலிகா: மார்த்தாண்டத்திலிருந்து சில பதில்கள்

மெட்டாலிகா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழு எப்படி மேலே வந்தது என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இன்று மழை, கடையில் ஆளில்லை. கேளுங்கள்.

தக்கலையிலிருந்து: அண்ணே, ரேடியோவில் பாட்டே வராமல் எப்படிப் பெரிய ஆளானார்கள்?

கேசட்தான் தம்பி. 1981இல் லாஸ் ஏஞ்சல்ஸில் லார்ஸ் உல்ரிச் என்ற டென்மார்க் பையன் பேப்பரில் விளம்பரம் போட்டு ஆள் தேடுகிறான், ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் வந்து சேர்கிறான். 1982இல் 7 பாட்டு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு. அதை ஒருவன் காப்பி போட்டுத் தபாலில் அனுப்ப, வாங்கியவன் இன்னொருவனுக்குக் காப்பி போட, இப்படியே போய் நியூ ஜெர்சியில் ரெக்கார்டு கடை வைத்திருந்த ஜான் ஜாசூலா காதில் விழுந்தது. ரெக்கார்டு கம்பெனி எதுவும் சீண்டவில்லை, அவரே சொந்தக் கம்பெனி தொடங்கி 1983இல் 'கில் எம் ஆல்' ஆல்பத்தை வெளியிட்டார்.

எனக்கும் அப்படித்தான் வந்தது. இங்கே ஒரு கடையில் 60 நிமிட கேசட்டில் அவர்களின் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' ஆல்பத்தைப் பதியக் கொடுத்தேன். பக்கத்துக்கு 4 பாட்டு, சரியாக அடங்கும். அந்த மனுஷன் பி பக்கத்தில் இரண்டு பாட்டு முடிந்ததும் பக்திப் பாட்டைப் பதிந்து தந்துவிட்டார். மீதியைக் கேட்க ஒரு வருஷம் ஆனது.

நாகர்கோவிலிலிருந்து: கிட்டார் வாசித்த டேவ் மஸ்டெய்னைக் குழுவிலிருந்து ஏன் விரட்டினார்கள்?

குடியும் சண்டையும். முதல் ஆல்பம் பதிவதற்குச் சற்று முன்னால், நியூயார்க்கில் வைத்துக் கையில் பஸ் டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் அதில் 4 பாட்டில் அவர் பங்கு உண்டு. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் அவருடைய சொந்தக் குழு மெகாடெத். நல்ல கோபம்!

குளச்சலிலிருந்து: இதெல்லாம் வெறும் சத்தம்தானே, சார்?

கோயில் கொடையில் சிங்காரி மேளம் உச்சத்துக்குப் போகும்போது அருகில் நின்றிருக்கிறீர்களா? அதைச் சத்தம் என்று யாராவது சொன்னால் விடுவீர்களா? பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் கிட்டாரில் பங்க் இசையின் வேகத்தை ஏற்றினால் த்ராஷ், அதுதான் மெட்டாலிகாவின் இசை. அந்த மெட்டாலிகாவுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் பாஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன். சான் பிரான்சிஸ்கோ பக்கம் குடிவந்தால்தான் சேருவேன் என்றார், குழுவே மூட்டை கட்டியது. அவர் வந்த பிறகுதான் பாட்டுக்குள் இசை நுணுக்கம் கூடியது. 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து செத்துப்போனார், வயது 24. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம் வருகிறது.

குழித்துறையிலிருந்து: அண்ணே, சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கிறேன். இந்த மாதிரி வாசிக்க எங்கே தொடங்க?

வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜுக்கு, அதாவது கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகத்துக்குப் பக்கத்தில் கம்பிமேல் லேசாக வை. அழுத்தினால் சத்தம் செத்துவிடும், தூக்கினால் சிதறும். பிக்கை மேலிருந்து கீழே மட்டும் அடி, மெதுவாக. மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடு. அப்புறம், பாஸ்டரிடம் ஆம்ப் இரவல் கேட்கும்போது எதற்கென்று சொல்லாதே.